படம் போடும் இரவும் இஸ்திரி போட்ட சட்டையும்

தெருவில் படம் போடப் போகிறார்கள் என்ற செய்தி எங்களுக்கு இஸ்திரிக் கடையிலிருந்துதான் முதலில் கிடைக்கும். வார நாட்களில் கரி மூட்டிய பெட்டி சும்மா கிடக்கும் கடையில், அன்று காலை முதலே சட்டைகளும் வேட்டிகளும் குவிந்துவிடும். "சாயங்காலம் ஆறு மணிக்குள் கிடைக்குமா?" என்று கேட்பவர்களின் குரலில் ஓர் அவசரம் இருக்கும். அதைக் கேட்டதும் நாங்கள் வீட்டுக்கு ஓடி, எங்கள் சட்டையையும் தேடி எடுப்போம்.

மாட்டுங்கா லேபர் கேம்ப், மும்பையின் மத்திய ரயில் பாதைக்கு மேற்கே தாராவியை ஒட்டிக் கிடக்கும் குடியிருப்பு. பெயரிலேயே உழைப்பைச் சுமந்து நிற்கும் இடம். மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள், தோல் பட்டறைத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், தலையில் கூடை சுமந்து இட்லி விற்றவர்கள் என இங்கு வாழ்ந்தோர் பலர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழரும் மராத்தியரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். மராத்தி மக்கள் கலைஞர் அண்ணாபாவ் சாட்டே வாழ்ந்த இடமும் இதுவே. 1944இல் அமர் ஷேக் முதலியோருடன் சேர்ந்து அவர் தொடங்கிய செங்கொடிக் கலைக்குழு, தொழிலாளர் குடியிருப்புகளையே தன் மேடையாக்கிக்கொண்டது. தெருவையே அரங்கமாக்கும் பழக்கம் இவ்வாறு எங்களுக்கு முந்தைய தலைமுறையிலேயே வேரூன்றியிருந்தது. அந்தத் தெருவில்தான் நாங்கள் படம் போட்டோம்.

திரைக்குப் பின்னால் அமர்ந்தவர்கள்

விநாயகர் சதுர்த்தி நாட்களிலும் அம்மன் கொடையின்போதும் மும்பையின் சால்களிலும் குடிசைப் பகுதிகளிலும் தெருவின் குறுக்கே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவது நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. 16 மி.மீ. படக்கருவி வாடகைக்கு வரும். படச் சுருள்களும் வாடகைதான். பெரிய சுருள் ஒன்று முக்கால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஓடும். ஆகவே இரண்டரை மணி நேரப் படத்திற்கு நான்கு சுருள்கள் தேவைப்படும். கருவி ஒன்றே என்பதால், ஒவ்வொரு சுருளும் முடிந்ததும் படம் நிற்கும். அடுத்த சுருளைக் கோத்து முடிக்கும் வரை தெரு முழுவதும் பேச்சும் தேநீருமாக இருக்கும். திரையரங்கில் ஓர் இடைவேளை என்றால், எங்கள் தெருவில் மூன்று.

இத்தனையும் நடப்பதற்கு ஊதியமில்லாத கைகள் வேண்டும். வீடு வீடாகச் சென்று வரி பிரிக்க இருவர். கம்பம் நட்டுத் திரை இழுத்துக் கட்ட நால்வர். மின்கம்பியை மாடியிலிருந்து இறக்க ஒருவர். சாக்கடை மூடியின் மேல் குழந்தைகள் அமராதபடி பார்த்துக்கொள்ள ஒருவர். முதியவர்களுக்கு நாற்காலி கொண்டுவர ஒருவர். எல்லாம் முடிந்தபின் கூட்டிப் பெருக்க அனைவரும். பகலெல்லாம் ஊரைப் பெருக்கியவர்கள், இரவில் தம் தெருவைத் தம் விருப்பத்தால் பெருக்கினார்கள்.

திரையின் முன்பக்கம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியது. தொண்டர்களுக்கும், பணி முடிந்து தாமதமாக வருவோருக்கும் பின்பக்கம். துணி மெல்லியது என்பதால் பின்னாலிருந்தும் படம் தெரியும். ஆனால் இடம் வலமாக மாறித் தெரியும். எழுத்துக்கள் வலமிருந்து இடமாக ஓடும். நாயகி முந்தானையை வலத்தோளில் போட்டிருப்பாள். நாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவான். பிற்காலத்தில் அதே படங்களைத் திரையரங்கில் பார்த்தபோது, எல்லாம் புரண்டு கிடப்பதாகவே எங்களுக்குத் தோன்றியது.

உடுத்திக்கொள்வதன் பொருள்

தெருவில் கோணி விரித்து அமர்ந்து பார்க்கும் படத்திற்கு எதற்காக நல்ல உடை? இக்கேள்வியை வெளியார் பலர் எங்களிடம் கேட்டதுண்டு. காக்கிச் சீருடையிலோ, தோல் வாடை நீங்காத பனியனிலோ நாளெல்லாம் பிறர் கண்ணில் பட்டவர்கள் அவர்கள். படம் போடும் இரவில்தான் தம் மக்கள் முன்னிலையில், தாம் விரும்பிய தோற்றத்தில் நின்றார்கள். மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கிழக்கே, தமிழர் நடத்தும் பூக்கடைகளிலிருந்து மல்லிகைச் சரம் வரும். பெட்டியின் அடியில் அந்துருண்டையோடு உறங்கிய பட்டுச் சேலை வெளியே வரும். பிள்ளைகளுக்கு ஒப்பனை வேறு: பென்சிலால் வரைந்த மெல்லிய மீசை, தலையில் அட்டைக் கிரீடம், இடுப்பில் மரவாள். சுருள் மாற்றும் மூன்று இடைவேளைகளும் இந்தச் சிறு வேந்தர்களின் மேடையாகும்.

தொண்டர்களுக்கும் ஒரு விதி இருந்தது. கம்பம் நடும்போது எந்த உடையும் இருக்கலாம். விளக்கு அணையும் முன்பு ஒவ்வொருவரும் வீட்டிற்குச் சென்று குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு திரும்ப வேண்டும். சட்டைப் பையில் குத்திய சிவப்பு நாடாவே அடையாளம். அந்தச் சட்டையோடு ஒருவர் வந்து "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் அக்கா" என்றால் அதற்கு மறுப்பிருக்காது.

பெட்டியில் இருந்த பணம்

ஆயினும் இக்கதை முழுவதும் மகிழ்ச்சியானதன்று. 1980களின் பிற்பகுதியில் ஓர் ஆண்டு எங்கள் தெருவில் படம் ஓடவில்லை.

வரி பிரித்த பணம் முழுவதும் எங்கள் பொருளாளர் அண்ணாச்சியின் வீட்டில், ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். பல ஆண்டுகளாக அவ்வாறே நடந்துவந்தது. கணக்கு நோட்டில் ஒரு பைசா பிசகியதில்லை. அவ்வாண்டு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு அவருடைய மனைவி கடுமையாக நோயுற்றார். நள்ளிரவில் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. கையில் வேறு பணமில்லை. பெட்டியைத் திறந்தார், எடுத்தார். அம்மையார் பிழைத்தார். படக்கருவிக்கு முன்பணம் கட்ட நாங்கள் சென்று கேட்டபோது அவர் தலை நிமிரவில்லை. "தம்பி, பணம் இல்லை. நான்தான் எடுத்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தந்துவிடுகிறேன்" என்றார்.

சொன்னபடியே பதினொரு மாதத்தில் முழுவதையும் திருப்பித் தந்தார். ஆனால் அதற்குள் தெரு இரண்டாகிவிட்டது. அவர் செய்ததில் என்ன குற்றம் என்று ஒரு சாரார். பொதுப்பணம் பொதுப்பணம்தான் என்று மறு சாரார். மறு ஆண்டு வரி பிரிக்கச் சென்றபோது பல கதவுகள் திறக்கவில்லை. அவ்வாண்டும் திரை கட்ட இயலவில்லை. அண்ணாச்சி தெருமுனைத் தேநீர்க் கடைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார்.

நெடுநேரம் கூடிப் பேசிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் எங்களுக்கு உண்மை புலப்பட்டது. இடுக்கண் யாருக்கும் வரலாம். பொதுப்பணத்தை ஒருவர் வீட்டில் வைத்து, அவருடைய நேர்மைக்கு நாங்களே ஒரு சோதனை வைத்திருந்தோம். பாதுகாப்பைப் பற்றி ஒரு நாளும் சிந்திக்காத பிழை எங்களுடையது.

அதன்பின் மன்றத்தின் பெயரில் வங்கியில் சேமிப்புக் கணக்குத் தொடங்கினோம். மூவருக்குக் கையொப்ப உரிமை. எந்தத் தொகையை எடுக்கவும் அவர்களில் இருவரின் கையொப்பம் தேவை. வரவும் செலவும் எழுதிய கரும்பலகை ஒன்று படம் போடும் இரவில் திரைக்கம்பத்தின் அருகிலேயே நின்றது. கருவி வாடகை, சுருள் வாடகை, மின்சாரம், தேநீர், மீதி என ஐந்தே வரிகள். எழுத்தறியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் படித்துக் காட்டினார்கள். மூன்றாம் ஆண்டு கதவுகள் மீண்டும் திறந்தன.

அந்த முதல் இரவில் அண்ணாச்சியும் வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. நாடா குத்திக்கொள்ளவில்லை. நாங்கள் எதுவும் சொல்லுமுன், செருப்புகள் குவிந்திருந்த இடத்திற்குச் சென்று, அவற்றை இணை சேர்த்து வரிசையாக வைக்கத் தொடங்கினார். படம் முடியும் வரை அவர் திரையின் பக்கம் திரும்பவில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், கையொப்பமிடும் மூவரில் ஒருவராக அவர் பெயரை முன்மொழிந்தவர், முன்பு அவரை எல்லாரையும்விடக் கடுமையாகப் பேசியவர். மறுப்பு எழவில்லை.

அரோராவின் வாசலில்

ஒளிப்பேழையும் கேபிள் தொலைக்காட்சியும் 1990களில் வீட்டுக்குள் வந்தபின் தெருத் திரைகள் குறைந்தன. உடுத்திக்கொண்டு கூட்டமாகப் படம் பார்க்கும் ஆர்வம் மட்டும் இடம் மாறிற்று. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் உள்ள அரோரா திரையரங்கு, தமிழ்ப் படங்களுக்காக மும்பைத் தமிழர் நாடிச் சென்ற ஒற்றைத் திரை அரங்கு. ரஜினிகாந்த் நடித்த 'கபாலி' 2016 ஜூலை 22 அன்று வெளியானபோது, விடியுமுன்னரே அதன் வாசலில் மேளம் முழங்கியது. 'காலா' 2018 ஜூன் 7 அன்று வந்தது. பா. இரஞ்சித் இயக்கிய அப்படம் தாராவி மக்களின் நில உரிமையைப் பேசியது. நாயகனின் உடை கறுப்பு. எங்களில் பலரும் கறுப்புச் சட்டை அணிந்து சென்றோம். படத்தில் கண்ட தாராவியின் பெரும்பகுதி சென்னையில் அமைக்கப்பட்ட அரங்கம் என்பதை அறிந்திருந்தும், சந்து தெரிந்தபோதெல்லாம் கைதட்டினோம்.

உலகின் பிற இடங்களிலும் இவ்வழக்கம் உண்டு. நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கில் 1976இல் 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' நள்ளிரவுக் காட்சியாகத் தொடங்கியபின், பார்வையாளர்கள் கதைமாந்தரைப் போலவே உடுத்தி வரலாயினர். திரைக்கு முன் ஊதியமின்றி நடித்தும் காட்டினர். நம் அண்டையில், கேரளத்தின் கோழிக்கோட்டில் 1984இல் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்னும் குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டிப் பொதுமக்களிடமிருந்தே நிதி திரட்டினர். 1986இல் வெளிவந்த 'அம்ம அறியான்' அவ்வாறு உருவானது. தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவரும் அவரே. சாதாரண மக்கள் தரும் சிறு தொகைகள் சேர்ந்தால் ஒரு திரைப்படமே எழும் என்பதற்கு அது சான்று.

திரை கட்ட விரும்புவோருக்கு

இன்று படக்கருவி கைக்கு அடக்கமாக வந்துவிட்டது. குடியிருப்புச் சங்கங்கள் பல மீண்டும் மாடியிலும் முற்றத்திலும் படம் காட்ட விரும்புகின்றன. அவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து மூன்று செய்திகள்.

முதலாவது, பணம். பதிவு செய்யப்படாத மன்றமாயினும் அதன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்க இயலும். நிர்வாகக் குழுவின் தீர்மானம், மன்றத்தின் பான் எண் அல்லது அதற்கு மாற்றான படிவம், கணக்கை இயக்குவோருக்கு அளித்த அதிகாரப் பத்திரம், அவர்களுடைய அடையாள, முகவரிச் சான்றுகள், மன்றம் உண்மையில் இயங்குவதைக் காட்டும் ஆவணங்கள் ஆகியவற்றை வங்கி கேட்கும். கணக்கைக் கூட்டாக இயக்கும் முறையைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நன்று.

இரண்டாவது, உரிமை. வட்டையோ இணையச் சந்தாவையோ நாம் விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அது வீட்டில் பார்ப்பதற்கே. பொதுவில் காட்ட, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதி தேவை. கட்டணம் வாங்காவிடினும் இதில் மாற்றமில்லை.

மூன்றாவது, நேரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். மாலையில் விரைந்து தொடங்கினால் மறுநாள் பணிக்குச் செல்வோருக்கும் நல்லது.

தாராவியை மறுசீரமைக்கும் திட்டத்தை மகாராட்டிர அரசு 2004இல் அறிவித்தது. அன்று முதல், எந்தச் சந்து எந்த மாடியாகும் என்ற பேச்சு எங்கள் வாசல்களில் ஓயவில்லை. நல்ல வீடு வேண்டாமென்பார் எவருமில்லை. ஆனால் தெரு என்பது எங்களுக்கு நடக்கும் வழி மட்டுமாக இருந்ததில்லை. வெள்ளைத் துணி கட்டக்கூடிய இடமாகவும் இருந்தது. நாளை உயரும் கட்டடங்களில் அத்தகைய முற்றம் ஒன்று இருக்குமா என்பதை இப்போதே கேட்டுவைக்க வேண்டும்.

அண்ணாச்சி இன்று இல்லை. அவர் கடைசியாகக் கையொப்பமிட்ட ஆண்டின் கணக்கு நோட்டு எங்களிடம் இருக்கிறது. வரவு, செலவு எல்லாம் நேராக இருக்கும் அந்தப் பக்கத்தின் கடைசி வரியில், அவருடைய கையெழுத்தில் ஒரு சிறு செலவு எழுதப்பட்டிருக்கிறது: தொண்டர் சட்டைகளுக்கு இஸ்திரிக் கூலி.