கொல்லைப்புறத்து அந்நியர்

புரட்டாசி மாதத்தில் தமிழ்நாட்டுக் கொல்லைகளில், மருதாணி, செம்பருத்தி முதலிய புதர்களுக்குள்ளிருந்து 'செக், செக்' என்று நாக்கைத் தட்டினாற்போன்றதொரு சப்தம் எழத் தொடங்குகிறது. ஏதோ பூச்சி என்றெண்ணி நம்மில் அநேகர் அதைக் கவனிப்பதில்லை. சுமார் 12 கிராமே எடையுள்ள அந்தப் பிராணியோ, பின்லாந்து முதல் சைபீரியா வரையில் பரந்த வடநாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வந்திருப்பது. கல்கத்தாவில் ஆசியாடிக் சங்கத்தின் காட்சிசாலையைப் பராமரித்த எட்வர்ட் பிளைத் 1849-ல் இதனை வர்ணித்தபடியால், பிளைத் நாணற் கதிர்க்குருவி என்பர்.

இதனை அடையாளங் காண்பது எப்படி? மேனி முழுதும் மங்கிய பழுப்பு, கோடில்லை, புள்ளியில்லை. அடையாளமின்மையே அடையாளம் என்னலாம். நம்மூர்த் தையற்சிட்டும் அதே புதரில் திரியும். ஆனால் அதற்குச் செந்நிற உச்சியும் நிமிர்ந்த வாலும் உண்டு. புதரை விட்டு வேம்பு, புளி இவற்றின் உச்சியில் 'ச்சீ-வீ' என்று கூவுவது வேறொன்று: புருவக் கோடும் இறக்கையில் மெல்லிய வெண்கீற்றும் உள்ள பசிய இலைக்கதிர்க்குருவி. காகஸஸ் பக்கத்திலிருந்து வரும் அதன் சகோதர ஜாதி சற்றே மஞ்சள் தோய்ந்தது. இறகு தேய்ந்தபின் இவ்விரண்டையும் பிரித்தறிவது பண்டிதர்க்கும் சிரமமே.

ஆகவே கண்ணைக் காட்டிலும் காதே துணை. கில்பர்ட் ஒயிட் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1768-ல் ஒன்றுபோல் தோன்றிய குருவிகளை மூன்று ஜாதி என நிலைநாட்டியதும் முக்கியமாகப் பாட்டைக் கேட்டேயாம்.

அவசரப்பட்டுப் பெயரிடுவதால் நேரும் நஷ்டத்துக்கு நமது வாசகர்கள் அறியவேண்டிய திருஷ்டாந்தம் ஒன்றுண்டு. 1885-ல் காங்கிரஸ் மகாசபை பிறக்கக் காரணராயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம், பக்ஷி சாஸ்திரத்தில் நிகரற்றவராய் விளங்கியவர். 1867-ல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் நீண்ட அலகுடைய கதிர்க்குருவி ஒன்றை அவர் பிடித்தார். பின்வந்தவர்களிற் சிலர், அது வேறு ஏதோ அறிந்த ஜாதியின் விகாரமே என்று தள்ளிவிட்டனர். ஹ்யூமின் கையெழுத்துப் பிரதிகளையோ சிம்லாவில் வேலைக்காரன் ஒருவன் பழங்காகிதமாய் விற்றுவிட்டான். மனம் சலித்த அவர் தம் சேகரிப்பு முழுவதையும் லண்டன் காட்சிசாலைக்கு ஈந்தார். (காங்கிரஸுக்கு லாபம், பக்ஷி சாஸ்திரத்துக்கு நஷ்டம்!) அந்த ஒற்றைக் குருவி தனி ஜாதியே என்பது 2002-ல் மரபணுச் சோதனையால் துலங்கிற்று. உயிருள்ளதொன்று 2006-ல் ஸயாம் என்னும் தாய்லாந்தில் வலையில் அகப்பட்டது. ஹ்யூம் கண்டு 139 ஆண்டுகள் கழிந்திருந்தன! பிறகு ஆப்கனிஸ்தானத்து வாகான் பிரதேசத்தில் அது கூடு கட்டும் இடமும் கண்டறியப்பட்டது.

பிளைத்தின் குருவிக்கும் ஹ்யூமின் குருவிக்கும் தோற்றத்தில் பேதம் வெகு சொற்பம். ஆதலால் சந்தேகமுள்ளபோது, 'கதிர்க்குருவி' என்று மட்டும் குறித்து, தேதி, புதரா மரமா, குரல் இன்னது என்பவற்றை எழுதி வைப்பதே நாணயம். கைபேசியில் குரலைப் பதிந்துகொள்வது இன்னும் நலம். சித்திரையில் வடக்கே திரும்புமுன் பிளைத்தின் குருவி புதருக்குள்ளிருந்தே பாடவும் செய்கிறது. அதனைக் கேட்க விரும்புவோர், சுத்தம் செய்கிறோமென்று அதற்குள் கொல்லையை மொட்டையடிக்காதிருக்க வேண்டும்.