காணாமற்போன கோப்பும் காப்பாற்ற வேண்டிய பத்திரங்களும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டயகமவில் மின்சாரம் வருவதும் போவதுமாகவே இருக்கும். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக வளைந்து வரும் பாதையில், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் அமைந்த தோட்டப்பகுதி இது. காற்றில் ஒரு மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், லயங்கள் பல இருளில் மூழ்கிவிடும். அப்படி மூன்று தடவை மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவுக்கு மறுநாள் காலை, எமது சமூக நிலையத்துக் கணனியை வழக்கம்போல் இயக்கினோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்களில் ஒரு செய்தி மட்டுமே தோன்றியது: ‘பூட் எம்.ஜி.ஆர். இஸ் மிஸ்ஸிங்.’

நிலையத்தில் உதவி செய்யும் இளைஞர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “எம்.ஜி.ஆரைக் காணோமாமா? அவரு நம்ம நாவலப்பிட்டியில பொறந்த ஆளாச்சே!” என்றார். எல்லோரும் சிரித்தோம். வரிசையில் முதலாவதாக நின்ற தாய் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் அன்றைய பேரை விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருந்தான். அதற்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். லயத்தின் பின்புறம் மண்மேடு சரிந்தபோது அந்தக் குடும்பத்தின் தகரப் பெட்டியும் மண்ணுக்குள் போய்விட்டது. அதற்கு முன்பே பிடித்து வைத்த சான்றிதழ்ப் பிரதி ஒன்று எமது கணனிக்குள் இருந்தது. இலக்கமும் திகதியும் கிடைத்தால், பதிவாளர் அலுவலகத்தில் உறுதிப்படுத்திய புதிய பிரதியை எளிதாகப் பெற்றுக்கொள்ளலாம். “பாதர், எல்லாம் போயிருச்சா?” என்று அவர் கேட்டார்.

போகவில்லை என்று உறுதியாகச் சொல்ல அன்று எம்மால் முடியவில்லை. காரணம், அந்தப் பிரதிகளை வேறெங்கும் எடுத்து வைக்க நாம் தவறியிருந்தோம். இக்கட்டுரையை எழுதுவதற்கு அந்தத் தவறே முதற் காரணம்.

கணனி எப்படி விழித்தெழுகிறது?

கணனியின் பொத்தானை அழுத்தியவுடன் விண்டோஸ் தானாக வந்துவிடுவதில்லை. முதலில் அதன் தாய்ப்பலகையில் பதிக்கப்பட்ட சிறிய நிரல் ஒன்று விழிக்கிறது. பயாஸ் என்பது அதன் பெயர். அது நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு முதலியன சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. பின்னர் வன்தட்டின் முதற் பகுதியை வாசிக்கிறது. அப்பகுதியின் அளவு வெறும் 512 பைட்டுகள்தான். அங்கிருந்து கிடைக்கும் வழிகாட்டலின்படி ‘பூட் மேனேஜர்’ என்னும் சிறு கோப்பு தேடப்படுகிறது. அதன் சுருக்கப் பெயரே அன்று எம்மைச் சிரிக்கவைத்த ‘பூட் எம்.ஜி.ஆர்.’ அக்கோப்புத்தான் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று கண்டு அதனை எழுப்புகிறது.

தோட்டத்தில் காலையில் நடக்கும் பிரட்டை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் கூடையோடு வந்து நிற்கிறார்கள். மலையில் கொழுந்தும் இருக்கிறது. ஆனால் இன்று எந்த மலைக்குப் போவது என்று பேர் கூப்பிட்டுச் சொல்லும் கங்காணி மட்டும் வரவில்லை. வேலை தொடங்காது. அதற்காகத் தேயிலை அழிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. கணனியிலும் அப்படித்தான். பூட் கோப்பைக் காணவில்லை என்றால் உங்கள் கடிதங்களும் படங்களும் பத்திரங்களும் அழிந்துவிட்டன என்று பொருளல்ல. அநேகமாக அவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் செய்யக்கூடாதது

அன்று நகரத்திலுள்ள ஒரு திருத்துநருடன் தொலைபேசியில் பேசினோம். “ஃபோமட் பண்ணி, புதுசா விண்டோஸ் போட்டுத் தாறேன், ஒரு மணித்தியால வேலை” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கணனி நிச்சயமாக இயங்கியிருக்கும். ஆனால் ஃபோமட் செய்வது, கங்காணி வரவில்லை என்பதற்காகத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதற்குச் சமம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஃபோமட் செய்யச் சொல்லும் எவரிடமும் கணனியைக் கொடுக்காதீர்கள். “முதலில் உள்ளே இருப்பதை எடுத்துத் தாருங்கள், பிறகு திருத்துங்கள்” என்று சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு.

இன்னொன்று. காணாமற்போன கோப்பைத் தருகிறோம் என்று இணையத்தில் பலர் கடை விரித்திருக்கிறார்கள். அவர்கள் தருவதை எடுத்துப் போடுவது, பெயர் தெரியாதவர் கொடுத்த மருந்தைக் குடிப்பதைப் போன்றது. கோப்பை அதே பதிப்பு விண்டோஸின் சொந்தத் தட்டிலிருந்துதான் மீட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

நாம் அன்று செய்தவற்றை ஒழுங்காகக் கூறுகிறோம். இளைஞர் மன்றத்தில் உள்ள எவரும் இவற்றைச் செய்யலாம்.

முதலாவது, செருகியிருக்கும் பென் டிரைவ், தட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி இயக்குங்கள். கணனி சில வேளை பென் டிரைவிலிருந்து எழும்பப் பார்க்கும். அதில் பூட் கோப்பு இல்லாவிட்டாலும் இதே செய்தி வரக்கூடும். பல இடங்களில் நோய் இவ்வளவுதான்.

இரண்டாவது, மின்சாரத்தை நிறுத்தி, வயரைச் சுவரிலிருந்து கழற்றியபின் பெட்டியைத் திறவுங்கள். வன்தட்டுக்குச் செல்லும் இரு வயர்களையும் கழற்றி இறுக்கமாக மீண்டும் செருகுங்கள். எமது பனியிலும் ஈரத்திலும் இணைப்புகள் பழுதடைவது புதுமையல்ல.

மூன்றாவது, பயாஸ் பக்கத்தைத் திறந்து வன்தட்டின் பெயர் தெரிகிறதா, எழும்பும் வரிசையில் அது முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். திகதி பல வருடம் பின்னால் போயிருந்தால் தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு பற்றரி இறந்துவிட்டது என்று அறியலாம். அதனை மாற்றி, வரிசையைச் சரிசெய்தால் போதும். ஆனால் வன்தட்டின் பெயரே தெரியாவிட்டாலோ, ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப இயக்கினால் இருப்பதும் போய்விடும். அது தேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டிய வேலை.

நான்காவது படியே முக்கியமானது. திருத்துவதற்கு முன் காப்பாற்றுங்கள். உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் ஒன்றை வேறொரு கணனியில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, அதிலிருந்து பழுதான கணனியை எழுப்பலாம். ‘நிறுவு’ என்பதைத் தெரிவு செய்யாமல் ‘முயன்று பார்’ என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அப்போது வன்தட்டில் எதுவும் எழுதப்படாமலே உள்ளே இருப்பதைப் பார்க்க முடியும். அன்று மாலை நான்கு மணிக்கு எமது திரையில் குடும்பங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அந்தத் தாயின் மகனுடைய சான்றிதழும் இருந்தது. அவர் இலக்கத்தைக் கையில் எழுதிக்கொண்டே, “கடதாசியிலயும் எழுதித் தாங்க பாதர், மழையில அழிஞ்சிரும்” என்றார். எல்லாவற்றையும் வேறொரு தட்டுக்குப் பிரதி எடுத்த பின்னரே திருத்தும் வேலையைத் தொடங்கினோம்.

ஐந்தாவது, விண்டோஸ் தட்டைப் போட்டு, ‘உங்கள் கணனியைத் திருத்துக’ என்னும் வழியே சென்று, ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’ என்பதை இயக்குங்கள். ஒரு தடவையில் சரிவராவிட்டால் மூன்று தடவை வரை செய்து பார்க்கலாம். எமக்கு இரண்டாவது தடவையில் சரிவந்தது. அதுவும் பலிக்காவிட்டால் கட்டளைத் திரையில் ‘பூட்ரெக்’ என்னும் கட்டளையை ‘ஃபிக்ஸ் எம்.பி.ஆர்.’, ‘ஃபிக்ஸ் பூட்’, ‘ரீபில்ட் பி.சி.டி.’ என்னும் மூன்று சொற்களோடு ஒன்றன்பின் ஒன்றாக இடுவது வழக்கம். புதிய கணனிகள் சிலவற்றில் வன்தட்டு பூட்டப்பட்டிருக்கும். அதனைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட ஒரு திறவு எண் தேவை. கணனி நன்றாக இருக்கும்போதே அதனை எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

பெரியவர்களுக்கும் நேர்ந்தது

இது ஏழைகளின் பழைய கணனிக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ணவேண்டாம். 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் எழும்ப முடியாமல் விழுந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. அங்கே ஒரு கோப்பு காணாமற்போகவில்லை, கெட்ட கோப்பொன்று வந்து சேர்ந்தது. பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணனிக்கும் நேரில் போய் அதனை அழிக்க வேண்டியிருந்தது.

எமது நாட்டிலும் பாடம் உண்டு. 2023ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணனித் தொகுதி தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்து மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அக்காலப்பகுதிக்குத் தனியே எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அப்படியென்றால், டயகமவில் ஒரு மேசைமேல் இருக்கும் கணனி எம்மாத்திரம்?

நகரத்தில் ஒரு கணனி பழுதானால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். மலைநாட்டில் ஒன்றை நம்பிப் பலர் இருக்கிறோம். 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவோடு இணையத்தைக் கிராமத்தவரிடம் கொண்டுசென்றது. நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியில் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணனி வைத்தார்கள். ஒரு சில கணனிகளால் பல கிராமங்கள் பயன்பெறலாம் என்பதற்கு அது சாட்சி. அவ்வாறு பலர் நம்பியிருக்கும் ஒன்று நின்றால் பலருக்கும் நட்டம் என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஒரு கடதாசியின் விலை

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ், தந்தையோ பாட்டனோ இத்தீவில் பிறந்தார்கள் என்பதற்குப் பத்திரம் காட்ட முடியாமல் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் நாடற்றவர்கள் ஆயின. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்காயம் முழுமையாக ஆறவில்லை. 1977இலும் 1983இலும் இம்மலைகளிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள், போரில் மறுபடியும் ஓடியபோது காணிப் பத்திரங்களையும் விட்டுவிட்டு ஓடினார்கள். நிலமும் இருந்தது, உழைத்த கையும் இருந்தது; ஒரு கடதாசி மட்டும் இல்லை. கணனிக்கு நேர்ந்ததும் அதுதான்.

ஆகவே பின்வருவனவற்றை இன்றே செய்யுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், சேமலாப நிதிப் பத்திரங்கள் ஆகியவற்றைப் படம் பிடித்து மூன்று பிரதிகள் வைத்திருங்கள். ஒன்று கணனியில் அல்லது கைத்தொலைபேசியில் இருக்கட்டும். இரண்டாவது தனிப் பென் டிரைவில் இருக்கட்டும். அதனைக் கணனியில் எப்போதும் செருகி வைக்காதீர்கள். மூன்றாவது வேறு ஊரில், நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும். விதைநெல்லை ஒரே கோட்டையில் கட்டி ஒரே வீட்டில் வைக்காத விவசாயிக்கு இது புதிய ஞானமல்ல. பத்திர இலக்கங்களையும் திகதிகளையும் ஒரு கொப்பியில் பேனாவால் எழுதிவையுங்கள். மின்சாரம் இல்லாத நாளிலும் கொப்பியை வாசிக்கலாம். படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் மூலம் தொலைந்தால் அதனைத் தேடும் வழியைக் காட்டும்.

பத்துக் காசில் ஒன்று தொலைந்தபோது விளக்கேற்றி வீடு முழுவதும் கூட்டித் தேடிய பெண்ணை நற்செய்தியில் அறிவோம். மீதி ஒன்பது இருக்கிறதே என்று அவள் இருந்துவிடவில்லை. தொலைந்த ஒன்றுக்காக வீட்டை இடித்துவிடவும் இல்லை. அந்தப் பொறுமை எமக்கும் வேண்டும்.

அந்த மகனுக்கு அடையாள அட்டை கிடைத்தது, பரீட்சையும் எழுதினான். எமது நிலையத்தில் இப்போது மாதத்தின் முதற் சனிக்கிழமை பிரதி எடுக்கும் நாள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.