சிக்னல் கோடுகள் இருக்கு, இன்டர்நெட் இல்லையா?

மொபைல் போனின் மேல் மூலையில் நான்கு கோடுகள் தெரிகின்றன. ஆனால் மெயில் திறக்கவில்லை. பணம் அனுப்பினால் வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. உடனே நாம் போனை ஆப் செய்து ஆன் செய்கிறோம். சிம்மைக் கழற்றி மாட்டுகிறோம். புது போன் வாங்கலாமா என்றுகூட யோசிக்கிறோம்.

டேட்டா தடுமாறுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. டவரின் சிக்னல் நம்மிடம் வந்து சேரும்போது பலவீனமாக இருக்கலாம். சிக்னல் நன்றாக இருந்தும் டவரில் நெரிசல் இருக்கலாம். அல்லது போனின் செட்டிங்ஸில் கோளாறு இருக்கலாம். இவற்றில் எது என்று தெரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கோடுகளை நம்ப வேண்டாம்

எத்தனை கோடுகள் காட்டுவது என்பதற்குப் பொதுவான அளவு எதுவும் இல்லை. போன் தயாரிக்கும் நிறுவனமே அதை முடிவு செய்கிறது. ஒரே இடத்தில், ஒரே நிறுவன சிம் போட்ட இரண்டு போன்களில் ஒன்று மூன்று கோடுகளையும் மற்றொன்று இரண்டையும் காட்டலாம். எனவே எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ் சென்று, அபவுட் போன் பிரிவில் சிம் ஸ்டேட்டஸ் என்பதைத் திறக்கவும். அங்கு சிக்னல் ஸ்ட்ரென்த் என்ற வரியில் டிபிஎம் அளவில் ஓர் எண் இருக்கும். (சில போன்களில் இது ஸ்டேட்டஸ் என்ற துணைப் பிரிவுக்குள் இருக்கும்.) ஐபோனில் *3001#12345#* என டயல் செய்தால் சோதனைத் திரை கிடைக்கும். அதில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற எண்ணைத் தேடவும்.

இந்த எண் எப்போதும் மைனஸில்தான் இருக்கும். பூஜ்யத்திற்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 4ஜியில் -80 என்றால் மிக நன்று. -90 முதல் -105 வரை பரவாயில்லை. -110ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும். -120ஐ நெருங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். இன்னொன்றும் கவனிக்கவும். இந்த அளவில் 10 குறைந்தால் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகி விடும்.

பலவீனமான சிக்னல்

எங்கள் தெரு மளிகைக் கடையில் பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி அடிக்கடி ஊமையாகி விடும். "அண்ணே, பணம் போயிருச்சு பாருங்க" என்று வாடிக்கையாளர் தன் போனைக் காட்டுவார். கூட்ட நேரத்தில் கடைக்காரரும் தலையாட்டி விடுவார். இரவு கணக்குப் பார்த்தால் சில நூறு ரூபாய் குறையும். யாரிடம் போய்க் கேட்பது?

பெட்டியில் எந்த நிறுவன சிம் இருந்ததோ, அதே நிறுவன சிம் உள்ள போனில் அளந்து பார்த்தேன். கல்லா அருகே -118. கடை வாசற்படியில் -98. இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் வாசலில் நூறு மடங்கு சக்தி என்று பொருள். கல்லாவைச் சுற்றிலும் இரும்பு ரேக், பிரிட்ஜ், மேலே கம்பி நிறைந்த கான்கிரீட் தளம். காலை, மாலை எப்போது அளந்தாலும் ஏறக்குறைய இதே எண்தான். பெட்டியை வாசல் ஓரம் மரப் பலகையில் வைத்து, நீளமான சார்ஜர் வயர் போட்டோம். இப்போது பெட்டி உடனுக்குடன் பேசுகிறது.

வீட்டிலும் இதே வழிதான். போனுடன் அறை அறையாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக் கொள்ளவும். ஜன்னல் அருகே நன்றாக இருந்தால், பழைய போன் ஒன்றை அங்கே வைத்து ஹாட்ஸ்பாட்டாகப் பயன்படுத்தலாம்.

அலைவரிசையும் முக்கியம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரைத் தாண்டி உள்ளே வரும். 2300, 3500 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வேகம் தரும்; ஆனால் சுவரில் விரைவில் சோர்ந்து விடும். 2022 அக்டோபரில் தொடங்கிய நம் நாட்டு 5ஜி சேவையில் 3500 மெகாஹெர்ட்ஸ் முக்கிய இடம் பெறுகிறது. வீட்டினுள் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவினால், மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் ப்ரிபர்டு நெட்வொர்க் டைப் என்பதை 4ஜி என அமைத்துப் பார்க்கவும்.

டவரில் நெரிசல்

எங்கள் மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவிக்கு வேறு பிரச்னை. அவர் அறையில் எண் -86. இரவு ஆன்லைன் வகுப்பு மட்டும் நின்று நின்று வரும். காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வேகத்தை அளக்கச் சொன்னேன். சிக்னல் எண் மாறவில்லை. வேகம் மட்டும் இரவில் படுத்து விட்டது. இது நெரிசல். ஒரு டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியினர் அனைவரும் பங்கிட்டுக் கொள்கிறார்கள். இதற்குப் போனில் எந்த செட்டிங்கும் மருந்தாகாது. பாட வீடியோக்களைக் காலையிலேயே டவுண்லோட் செய்து கொள்ளலாம். அல்லது இரண்டாவது சிம்மாக வேறு நிறுவனத்தைப் போட்டு, இரவில் டேட்டாவை அதற்கு மாற்றலாம். வாங்கும் முன் அந்த நிறுவன சிம் வைத்திருக்கும் ஒருவரை வீட்டிற்கு அழைத்து, இரவு 9 மணிக்கு அளந்து பாருங்கள்.

போனில் கோளாறு

எண்ணும் நன்றாக உள்ளது, அதே நிறுவன சிம் உள்ள பக்கத்துப் போனிலும் டேட்டா ஓடுகிறது என்றால் உங்கள் போனைக் கவனிக்கவும்.

1. ஏரோப்ளேன் மோடை அரை நிமிடம் ஆன் செய்து ஆப் செய்யவும். போன் டவருடன் புதிதாக இணையும்.

2. இரண்டு சிம் போனில் டேட்டாவிற்கு எந்த சிம் தேர்வாகியுள்ளது எனப் பார்க்கவும். டேட்டா சேவர் ஆன் ஆகியிருந்தால் நிறுத்தவும்.

3. அக்சஸ் பாயின்ட் நேம்ஸ் பகுதியில் ரீசெட் டு டிபால்ட் கொடுக்கவும்.

4. சிம்மை அடுத்தவர் போனில் போட்டுப் பார்க்கவும். அங்கும் தகராறு என்றால் சிம்மை மாற்ற வேண்டும்.

5. கடைசியாக ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ். இது வை-பி பாஸ்வேர்டுகளையும் புளூடூத் இணைப்புகளையும் அழித்து விடும். முதலில் குறித்து வைத்துக் கொள்ளவும்.

பூஸ்டர் வாங்கலாமா?

ஆன்லைன் கடைகளில் சிக்னல் பூஸ்டர் என்று விற்கிறார்கள். வாங்காதீர்கள். அனுமதியின்றி இவற்றை வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். அக்கம்பக்கத்தாரின் சிக்னலையும் இவை கெடுக்கும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வை-பி காலிங் வசதியை ஆன் செய்தாலே பேச்சுப் பிரச்னை தீரும்.

புகார் செய்ய 198 எண்ணை அழைக்கவும். "நெட் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் போனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். இடம், நேரம், டிபிஎம் எண், வேகம் ஆகியவற்றைச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கவும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணுடன் முறையிடலாம்.