துப்பறியும் சிங்கத்துக்கு மறதி வந்தால்?

நண்பரின் காலில் செம்மண் ஒட்டி இருக்கிறது. அதைப் பார்த்ததும், "நீ இன்ன தபால் ஆபீசுக்குத் தான் போய் வந்தாய்!" என்று சொல்லி விடுகிறார் ஒருவர்.

அவர் தான் ஷெர்லாக் ஹோம்ஸ். கதைகளில் வரும் துப்பறியும் சிங்கம்!

அப்படிப்பட்டவருக்கு மூளை மங்கி விட்டால்?

இதை வைத்து ரசிகர்களே கதை எழுதுகிறார்கள்!

விடாத ரசிகர்கள்

ஹோம்சைப் படைத்தவர், ஆர்தர் கோனன் டாயில். முதல் கதை 1887-ம் ஆண்டில் வெளிவந்தது. மொத்தம் 4 நாவல்கள், 56 சிறுகதைகள்.

1893-ல் ஹோம்ஸ் அருவியில் விழுந்து இறந்ததாக எழுதினார், டாயில். ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். 1903-ல் அவரை மீண்டும் உயிருடன் கொண்டு வந்தார்!

1930-ல் டாயில் காலமானார். ரசிகர்களோ ஹோம்சை விடவில்லை. தாங்களே பேனாவை எடுத்தார்கள். நினைவு இழந்த ஹோம்ஸ், பார்வை இழந்த ஹோம்ஸ் என்று விதவிதமாக எழுதினார்கள். அவரைக் கைபிடித்து நடத்துபவர், பெரும்பாலும் நண்பர் வாட்சன் தான்!

93 வயதில்

எழுத்தாளர்களும் சும்மா இருக்கவில்லை. 2005-ல் அமெரிக்க எழுத்தாளர் மிட்ச் கல்லின் இப்படி ஒரு நாவல் எழுதினார். அது 2015-ல் "மிஸ்டர் ஹோம்ஸ்" என்ற படமாக வந்தது. ஹோம்சாக நடித்தவர், இயான் மெக்கெல்லன்.

படத்தில் கதை நடப்பது 1947-ல். ஹோம்சுக்கு வயது 93. கிராமத்தில் தேனீ வளர்க்கிறார். பழகியவர்களின் பெயர்கூட மறந்து போகிறது. சட்டைக் கையில் எழுதி வைத்துக் கொள்கிறார்!

தன் கடைசி வழக்கை நினைவுபடுத்தத் தவிக்கிறார். வீட்டு வேலைக்காரியின் மகன் துணையாக இருக்கிறான். மெல்ல மெல்ல நினைவு வருகிறது.

கருவிலேயே குழந்தைகளை இழந்த ஒரு பெண். அவள் போட்ட திட்டத்தை ஹோம்ஸ் சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் அவள் தேடியது துப்பு அல்ல, ஆறுதல்! அவரோ, "கணவரிடம் திரும்பிப் போ" என்று சொல்லி விட்டார். அவள் ரெயில் முன் பாய்ந்து உயிரை விட்டாள்.

மூளை கூர்மையாக இருந்தபோது அவள் மனம் அவருக்குப் புரியவில்லை. மறதி வந்த பிறகு தான் புரிகிறது. முதுமையில், அந்தச் சிறுவன் மீது உயிரையே வைக்கிறார்.

நம் வீட்டில்

திறமை போய்விட்டால், மனிதனிடம் என்ன மிஞ்சும்? இந்தக் கதைகள் கேட்பது அதைத் தான்.

மனக்கணக்கில் புலியாக இருந்த தாத்தா, இன்று பேரன் பெயரை மறந்திருக்கலாம். நூறு பேருக்குச் சமைத்த பாட்டி, உப்புப் போட்டோமா என்று திகைக்கலாம்.

கணக்குப் போனால் என்ன? தாத்தா, தாத்தா தானே!