பற்றுச்சீட்டின் பாரம்

கொவிட் பெருந்தொற்றின் காரணமாக 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையகத்துக் கல்வியிற் பெரும்பகுதி கைத்தொலைபேசியை நம்பி நிற்கலாயிற்று. ஆசிரியர் வாட்சப் வழியே பாடத்தை அனுப்புவார். மாணவர் விடையெழுதிய தாளைப் படம்பிடித்துத் திருப்பி அனுப்புதல் வேண்டும். அலை கிடைக்கும் மேடுகளை நாடி மாணவர் ஏறிச்சென்ற செய்திகள் அக்காலத்தில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வெளிவந்தன. தலவாக்கலை போன்ற இடங்களில் இவ்விடர் இன்னும் மிகுதி. கொத்மலை ஓயாவின் பள்ளத்தாக்கைச் சூழ்ந்து ஏறியும் இறங்கியுங் கிடக்கும் தேயிலை மலைகளில், ஒரு லயத்துக்கு எட்டும் அலை அடுத்த மடிப்பிலுள்ள லயத்துக்கு எட்டாமற் போதல் கூடும்.

பாடம் வரும் வழியும் விடைத்தாள் போகும் வழியும் ஒரே தன்மையன அல்ல. கோபுரம் பல பத்து உவாற்று வலுவோடு அலையைப் பரப்புகின்றது. கைத்தொலைபேசி விடுக்கும் உச்ச வலுவோ பெரும்பாலும் 0.2 உவாற்று அளவினதே. ஆகவே கோபுரத்திலிருந்து வரும் இறக்குவழி தெருவாயின், கோபுரத்துக்குச் செல்லும் ஏற்றுவழி ஒற்றையடிப் பாதை எனலாம். அவ்வொற்றையடிப் பாதையில் விடைத்தாள் மட்டுமே செல்வதாயின் குறையில்லை. வரும் பாடத்துக்குரிய பற்றுச்சீட்டுக்களும் அதன் வழியாகவே செல்லவேண்டியிருப்பதே சிக்கலுக்குக் காரணமாகும்.

இணையத்தில் எச்செய்தியும் முழுதாய்ச் செல்வதில்லை. ஏறத்தாழ 1,500 பைற்று கொண்ட பொதிகளாகப் பிரிந்தே செல்லும். வழியிற் பொதி தொலைதல் உண்டாதலின், பெறுவோன் "இதுவரை வந்தது" என்று அனுப்பியோனுக்கு அறிவித்தல் வேண்டுமென ரி.சி.பி. என்னும் நெறி விதிக்கின்றது. பதிவுத் தபாலுக்குப் பெறுநர் ஒப்பமிட்ட அட்டை திரும்பி வருதலை ஒத்தது இது. தனி முகவரியின்மையாற் கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற் கிடந்து காலந்தாழ்த்திக் கைசேர்ந்த வரலாற்றை அறிந்த மலையகத்தார்க்கு, இத்தகைய உறுதிச்சீட்டின் அருமை சொல்லாமலே விளங்கும்.

பொதிக்கொரு சீட்டு மிகையெனக் கண்டு, இரண்டு முழுப் பொதிகளுக்கு ஒன்றேனும் போதுமென 1989 இல் விதி வகுக்கப்பட்டது. அதுவும் சிறிய சுமையன்று. செக்கனுக்கு 24 மெகாபிற்று வேகத்தில் ஒரு காணொளி இறங்குவதாகக் கொள்க. அது செக்கனுக்கு 2,000 பொதிகள். ஆகவே 1,000 சீட்டுக்கள். சீட்டொன்று 52 பைற்றாயின் ஏற்றுவழியில் 416,000 பிற்றுக்கள் அதற்கே செலவாகும். ஏற்றுவழியின் கொள்ளளவு செக்கனுக்கு 500,000 பிற்றே என்றால், விடைத்தாளுக்கு எஞ்சுவது 84,000. தனித்துச் சென்றால் 16 செக்கனிற் போகவேண்டிய ஒரு மெகாபைற்றுப் படம் இப்போது ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள். பொதியின் தலைப்பைச் சுருக்கும் உபாயமுள்ள வலையமைப்பிற் சுமை குறையும். ஆயினும் சீட்டின் கேடு அதன் பருமனளவில் நிற்பதன்று. கைத்தொலைபேசி எதனை அனுப்புவதற்கும் கோபுரத்திடம் தவணை கேட்டுப் பெறவேண்டும். சிறு சீட்டுக்களும் அத்தவணையை உண்ணும். மறுதலையாக, பெரிய படமொன்று வரிசையில் முன்னே நின்றால், பின்னே சீட்டுக்கள் தேங்க, அவற்றை எதிர்பார்த்திருக்கும் மறுமுனை பாடத்தை அனுப்பாது நிறுத்திக்கொள்ளும். போவதும் வருவதும் ஒருங்கே தளர்தல் இவ்வாறுதான்.

இச்சிக்கலை முறையாக ஆராய்ந்தோருள் முன்னின்றவர் ஹரி பாலகிருஷ்ணன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1993 இற் பட்டம்பெற்றுக் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அவர், வெங்கட பத்மநாபன், ரண்டி கற்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1997 இல், இருவழியும் ஒவ்வாத இணைப்புக்களைப் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார். பின்னர் 2002 இல் பாலகிருஷ்ணன், பத்மநாபன், கொரி பெயர்ஹேர்ஸ்ற், மகேஷ் சூரியபண்டார ஆகிய நால்வரும் இணைய நெறியாளர்க்கான பரிந்துரையாகவும் இதனை எழுதினர்.

பரிகாரத்தின் அடிப்படை எளிது. சீட்டுக்கள் திரண்ட கணக்கையே கூறுவன. "ஐயாயிரமாவது பைற்றுவரை வந்தது" என்ற சீட்டு, "மூவாயிரமாவது பைற்றுவரை வந்தது" என்ற முன்னைச் சீட்டைத் தன்னுள் அடக்கிக்கொள்கின்றது. இரண்டும் வரிசையிற் காத்து நின்றால் முன்னதை அகற்றிவிடலாம், எதுவும் இழக்கப்படுவதில்லை. வரிசையில் நின்று வடிகட்டுவது ஒரு முறை. பெறுவோன் தானே சீட்டைக் குறைத்து எழுதுவது மற்றொரு முறை.

ஆயினும் கண்மூடித்தனமாகக் களைதல் தகாது. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூறும் சீட்டுக்கள் வீண் அல்ல. இடையில் ஒரு பொதி தொலைந்ததென்பதற்கு அவையே சான்று. மூன்று முறை அவ்வாறு வந்தால் அனுப்புவோன் அப்பொதியை மீண்டும் அனுப்புவான். மேலும், வரும் சீட்டுக்களை எண்ணியே தன் வேகத்தைக் கூட்டும் அனுப்புவோன், சீட்டுக் குறைந்தால் மந்தமாவான். ஒரு சீட்டு நாற்பது பொதிக்கு ஒப்புதல் தந்தாலோ, அடுத்த நாற்பதையும் ஒரே மூச்சிற் கொட்டி வழியை அடைப்பான். எனவே சீட்டின் தொகையை எண்ணாது, அது குறிக்கும் பைற்றை எண்ணுதலும், பொதிகளை இடைவிட்டு விடுத்தலும் அனுப்புவோனிடம் அமைதல் வேண்டும்.

இலினக்ஸ் இயங்குதளத்தில் 2018 இற் சேர்ந்த கேக் என்னும் வரிசைமுறை, வேண்டுவோர்க்கு இவ்வடிகட்டியையும் அளிக்கின்றது. ஆனால் 2021 இல் நியமமாக வெளிவந்த குவிக் என்னும் நெறியிற் சீட்டுக்களும் மறைகுறியாகவே செல்வதால், இடைவழியிலுள்ள எவரும் அவற்றைப் பிரித்தறிந்து களைய இயலாது. அங்கே இருமுனைகளுந் தம்முட் பேசி, இத்தனை பொதிக்கு ஒரு சீட்டுப் போதும் என உடன்படுதலே வழி.

அலையே எட்டாத மடிப்பில் இவை எதுவும் உதவா. அங்கே வேண்டுவது கோபுரம். அலை மெலிந்தேனும் எட்டும் லயத்தில், ஒரே தொலைபேசியின் இணைப்பை இரு பிள்ளைகள் பகிரும்போது, தம்பியின் காணொளியை இரண்டு நிமிடம் நிறுத்திவைத்தால், அக்காளின் விடைத்தாள் அதற்குட் போய்ச் சேரக்கூடும்.