இசைப்பதிவிற் செருகுநிரல்களின் பயன்

இசைப்பதிவொன்றைக் கேட்போர் பாடுவோர் குரலிலும் வாத்தியங்களின் நாதத்திலுமே கருத்தூன்றுவர். அவ்வொலிகள் ஒலிவாங்கியை அடைந்த வடிவிலேயே தம் செவியை வந்தெய்துவனவல்ல என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பதிவுக்கும் கேள்விக்கும் இடையே இரு தொழில்கள் நிகழ்கின்றன. குரல், வயலின், மிருதங்கம் முதலியவற்றைத் தனித்தனித் தடங்களிற் பதிந்தபின், ஒன்றையொன்று மறையாதவாறு அளவறிந்து அவற்றை ஒருங்கிணைத்தல் முதலாவது. இது மிக்சிங் எனப்படும். அங்ஙனம் இணைந்த பாடல் எக்கருவியிற் கேட்பினும் செவ்விதின் ஒலிக்குமாறு இறுதியாகச் செப்பஞ்செய்தல் இரண்டாவது. இது மாஸ்டரிங் எனப்படும். இவ்விரண்டுக்கும் இன்று பெரிதும் துணைநிற்பவை பிளகின் என வழங்கும் செருகுநிரல்களாம். அவற்றின் தொழில் யாது, அவற்றால் இசை திருந்தியதென அறிவது எங்ஙனம் என்னும் இரண்டும் ஈண்டு ஆராயப்படும்.

செருகுநிரல் என்பது தனித்தியங்காது, ஒலிப்பதிவு மென்பொருளினுட் செருகப்பெற்று ஒலியை மாற்றியமைக்கும் நிரலாகும். முன்னாளில் இப்பணிகளைப் புரிந்தவை பாரிய கருவிகள். 1957ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வெளிவந்த ஈ.எம்.ரி. 140 என்னும் எதிர்முழக்கக் கருவி, பெரியதோர் உருக்குத் தகட்டைச் சட்டத்திற் பொருத்தி அமைக்கப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். அக்கருவியின் ஒலிப்பண்பை இன்று மடிக்கணினியொன்றே கணித்துத் தருகின்றது. 1996ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரத்து ஸ்ரைன்பேர்க் நிறுவனம் வி.எஸ்.ரி. என்னும் இணைப்பு முறையை அறிமுகஞ் செய்தது. அம்முறையைப் பிறரும் கைக்கொள்ள இடமளித்தமையின், செருகுநிரல்கள் எண்ணிறந்தனவாகப் பெருகின. அவை பலவாயினும், இன்றியமையாதன நான்கு வகையுள் அடங்கும்.

முதலாவது ஈக்குவலைசர். மனிதச் செவி உணரும் மீடிறன்கள் ஏறத்தாழ 20 ஹேட்ஸ் முதல் 20,000 ஹேட்ஸ் வரையின. வேண்டிய மீடிறன்களை உயர்த்தவும் வேண்டாதவற்றைத் தாழ்த்தவும் வல்லது ஈக்குவலைசர். பெண்குரல் பதிந்த தடத்தில் 80 ஹேட்சுக்குக் கீழே காணப்படுவது பெரும்பாலும் குரலன்று. தாங்கியினூடாக ஒலிவாங்கியை அடைந்த தரையதிர்வும் பிற இரைச்சலுமேயாம். அவற்றை நீக்கினால் குரலுக்கு ஊறின்றித் தெளிவு பிறக்கும். அதே நீக்கத்தை மிருதங்கத் தடத்திற் செய்தால் இடந்தலையின் ஆழ்ந்த நாதம் மெலியும். ஆதலின், எல்லாத் தடங்களுக்கும் பொருந்தும் ஓரளவு இல்லை. ஒரு குரல் தெளிவாகக் கேளாதவிடத்து அதனை உயர்த்துவதினும், அதனை மறைக்கும் வாத்தியத்தின் அப்பகுதியைச் சிறிது தாழ்த்துவதே பன்முறை நற்பயன் தரும்.

இரண்டாவது கொம்பிரசர். இது குறித்த எல்லையைக் கடக்கும் வலிய ஒலியைத் தானே அடக்குவது. நான்குக்கு ஒன்று என்னும் விகிதத்தில் அமைத்தால், எல்லையை 8 தெசிபெல்லாற் கடந்த ஒலி 2 தெசிபெல்லால் மாத்திரமே கடந்ததாகும். எவ்வளவு விரைவில் அடக்க வேண்டும் என்பதையும் வகுத்தல் வேண்டும். ஒரு மில்லிசெக்கனில் அடக்கத் தொடங்கினால், மிருதங்கத்தில் விரல் வீழும் கூர்மையே மழுங்கிவிடும்; முப்பது மில்லிசெக்கன் பொறுத்துத் தொடங்கினால், அடியின் கூர்மை முன்சென்றுவிட, அதன் பின்னொலியே அடங்கும். ஒரே கருவி ஒரே வாசிப்பை உயிருள்ளதாகவும் உயிரற்றதாகவும் ஆக்கவல்லது என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது ரிவேர்ப் எனப்படும் எதிர்முழக்கம். மண்டபத்திற் பாடுங்கால் சுவர்களிலும் கூரையிலும் தெறித்த ஒலியும் செவியை அடைகின்றது. ஒலிவாங்கியை வாயருகே வைத்துச் சிற்றறையிற் பதிந்த குரலில் இது இல்லை. 1947ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் பில் பட்னம், நிலையத்தின் குளியலறையையே எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார். இன்றோ, மண்டபமொன்று குறுகிய ஒலிக்கு எழுப்பும் மறுமொழியைப் பதிந்து, எவ்வொலியும் அம்மண்டபத்துள் எவ்வாறு ஒலிக்கும் எனக் கணிக்கும் செருகுநிரல்கள் உள. எனினும், இதனை மிகுதியாகச் சேர்த்தால் சொற்கள் ஒன்றோடொன்று மயங்கிப் பாடலின் பொருள் மறையும்.

நான்காவது லிமிட்டர். மாஸ்டரிங்கில் இதற்கே முதன்மை. இலக்கமுறைப் பதிவில் ஒலியளவுக்குக் கடக்கலாகா மேலெல்லை ஒன்றுண்டு. ஒலியின் உச்சிகளை அவ்வெல்லைக்குள் அடக்கி, எஞ்சிய பகுதியை உயர்த்தித் தருவது லிமிட்டர். உரத்து ஒலிக்கும் பாடலே கேட்போரைக் கவரும் என்னும் எண்ணத்தால், 1990களின் பின்னர் இசை நிறுவனங்கள் ஒன்றினொன்று உரத்த பதிவுகளை வெளியிட முற்பட்டன. மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள வேற்றுமை தேய்ந்தது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த மெற்றாலிக்கா குழுவினரின் டெத் மக்னெற்றிக் என்னும் இசைத்தட்டு, உரப்பின் மிகுதியாற் சிதைந்தது எனக் கேட்போரே குறைகூறினர். மீளக் கலந்து வெளியிடுமாறு ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்டு வேண்டினர். அப்பாடல்கள் ஒரு கணினி விளையாட்டில் அத்துணை நெருக்கப்படாத வடிவில் இருந்தமையால், வேற்றுமை யாவர்க்கும் புலனாயிற்று.

இப்போட்டி இன்று பெரிதும் பொருளற்றதாயிற்று. 2010ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் ஆர் 128 என்னும் பரிந்துரையால் நிகழ்ச்சிகளின் சராசரி உரப்புக்கு ஓரளவு வகுத்தது. ஸ்பொற்றிபை முதலிய இணைய இசைச் சேவைகளும் பாடல்களின் உரப்பை அளந்து அவற்றை ஏறக்குறைய ஒரே நிலைக்குக் கொணர்கின்றன. மிக உரத்துச் செய்யப்பட்ட பாடல் அங்கே தாழ்த்தப்படும். நெருக்கத்தால் அது இழந்த ஏற்றத்தாழ்வோ மீளாது.

இனி, திருத்தத்தை அறியுமாறு யாது? 1933ஆம் ஆண்டில் பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டும். ஒலி தாழ்ந்தவிடத்துச் செவி தாழ்ந்த மீடிறன்களை நன்கு உணர்வதில்லை. ஒலி உயர்ந்தவிடத்து அவை நிறைவாகப் புலப்படுகின்றன. ஆகவே, சிறிது உரத்த ஒலி, வேறெம்மாற்றமும் இன்றியே, சிறந்த ஒலியெனத் தோன்றும். செருகுநிரல்கள் பலவும் ஒலியைத் திருத்தும்போதே சிறிது உரப்பும் ஆக்குகின்றன. அதனை அறியாதார், உரப்பையே செம்மையென மயங்குவர்.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் வழி எளிது. செருகுநிரலூடாகச் சென்ற ஒலியையும் அதற்கு முந்திய ஒலியையும் ஒரே உரப்புக்குக் கொணர்ந்து, திரையிலுள்ள வரைபுகளை நோக்காது, மாறிமாறிக் கேட்டல் வேண்டும். அந்நிலையிலும் சிறந்து தோன்றுவதே திருத்தம். வேற்றுமை தோன்றாதாயின் அந்நிரலை நீக்குவதே முறை. வைத்தியன் மருந்தெடுக்குமுன் நோயை நாடுவது போல, குறை யாதெனச் செவியாற் கண்டபின்னரே செருகுநிரலைத் தேடல் தகும். விலையுயர்ந்த நிரல்கள் பலவற்றை ஈட்டியவரினும், நான்கினை நன்கு பயின்று இச்சோதனையைக் கைவிடாதவரே நல்ல பதிவைத் தருவர்.