கட்டணம் இல்லை, சம்பளமும் இல்லை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்தில் ஒரே பெண்ணை இரண்டு பேர் கூப்பிடுகிறார்கள். ஒருவர் கல்லூரிக்காரர். இன்னொருவர் தொழிற்சாலைகளுக்கு ஆளெடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர். பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும், தங்க இடம், சாப்பாடு, கம்பெனி பஸ் எல்லாம் உண்டு, அடுத்த மாதமே சம்பளம் என்கிறார் இவர். கல்லூரிக்காரர் மூன்று வருடம் பொறுக்கச் சொல்கிறார்.

இந்தியாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். உயர்கல்விச் சேர்க்கையிலும் இதே மாநிலம்தான் முன்வரிசையில் நிற்கிறது. 2021-22ஆம் ஆண்டின் மத்திய அரசு கணக்கெடுப்பில் நாட்டின் சேர்க்கை விகிதம் 28.4; தமிழ்நாட்டுக்கு 47. இரண்டையும் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இரண்டு பெருமைக்கும் தேவைப்படுவது அதே பதினெட்டு வயதுப் பெண்.

வசதியில்லாத வீட்டுப் பெண்ணைப் படிக்க வைக்க என்ன செலவாகும் என்று கேட்டால், எல்லோரும் முதலில் கல்லூரிக் கட்டணத்தைத்தான் விசாரிப்பார்கள். உண்மையில் தமிழ்நாட்டில் பெரும்பாலும் தீர்ந்துபோன பகுதி அதுதான். அரசு கலை அறிவியல் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்காதிருந்தால், கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருவோருக்கு முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளின் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. டிப்ளமோவோ பொறியியலோ படிக்கும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். இதற்கு வருமான வரம்பு எட்டு லட்சம். இந்த வட்டாரத்துக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருவதால், 2010-11 முதல் அது நடத்தும் இலவசக் கல்வித் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

பட்டியல் நீளம்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையில், ஒவ்வொரு இணையதளத்தில், ஒவ்வொரு கடைசித் தேதியோடு கிடக்கிறது. பல்கலைக்கழகத்தின் திட்டம் ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே மூடிவிடும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் ஜூன் மாதத்தில் இ-சேவை மையத்தில் கேட்டால் ஊரே வரிசையில் நிற்கும். பரீட்சை முடிந்த ஏப்ரலிலேயே அப்பா பெயரின் எழுத்துப்பிழை உட்படச் சரிபார்த்து வாங்கி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கையில் பணமில்லாமல் ஒரு பெண்ணுக்கு உதவ நினைப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இது என்பேன்.

அடுத்த கணக்கு, மாதாந்திரச் செலவு. இங்கேதான் புதுமைப்பெண் திட்டம் வருகிறது. அதன் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும். வருமான வரம்பு இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தத் திட்டத்துக்கு ஒரு முற்பிறவி உண்டு. 1989இல் இதே அம்மையார் பெயரில் தொடங்கியது திருமண உதவித் திட்டம். கடைசியாக அது பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் தந்தது. தேவதாசி முறையை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்த ஒரு பெண்ணின் பெயரில் தாலித் தங்கம் கொடுத்ததில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல் இருந்தது. 2022-23 நிதிநிலை அறிக்கை அதைக் கல்வித் திட்டமாக மாற்றி 698 கோடி ரூபாய் ஒதுக்கியது.

தொகையை மட்டும் பார்த்தால் புதியது சிறியது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 36,000. பழைய திட்டத்தில் தங்கத்தின் அன்றைய விலையையும் சேர்த்தால் எண்பதாயிரத்துக்கு மேல் வரும். ஆனால் அந்தப் பணம் கல்யாண மண்டபத்து வாசலில் வந்தது. யார் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியும். இது படிக்கும்போதே வருகிறது, அவள் கணக்குக்கே வருகிறது. இதை நான் குறைவென்று சொல்லமாட்டேன். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத இந்த மாநிலத்தில், வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் கல்லூரிக்குப் போய்வரும் ஒரு பெண்ணுக்குச் சாப்பாடு, புத்தகம், பரீட்சைக் கட்டணம், போன் ரீசார்ஜ் என்று அந்த ஆயிரம் இழுத்துப் பிடித்தால் ஓடும்.

மூன்றாவது கணக்கில்தான் எல்லாம் முட்டி நிற்கிறது. அவள் வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் பணம் அது. அது எவ்வளவு என்பது ஒரு போராட்டத்தின்போது வெளியே தெரிந்தது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் கெட்ட உணவு சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதையடுத்து, சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பொருத்தும் அந்த ஆலையின் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அப்போது அவர்களின் சம்பளம் மாதம் சுமார் 10,500 ரூபாய் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அந்தத் தொகையையே வைத்துக்கொள்வோம். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு வருவதைப் போலப் பத்து மடங்கு. அதில் பாதியை ஊருக்கு அனுப்பினாலும், மூன்று வருடத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். அப்பாவின் கடனோ தம்பியின் படிப்போ அந்தப் பணத்தை நம்பியிருந்தால், கல்லூரி இலவசம் என்பது அந்த வீட்டுக்குச் செய்தியே இல்லை.

வேலைக்குப் போவது தவறா? இல்லை. வீட்டை விட்டு வெளியே வந்து, சொந்தமாகச் சம்பாதித்து, தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வதன் அருமை தெரியாதவர்கள்தான் அதைக் குறை சொல்வார்கள். சிக்கல் அந்த வேலையின் ஆயுளில் இருக்கிறது, அதற்கு நோக்கியாவைவிட நல்ல சாட்சி இல்லை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலையில் உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பிளஸ் டூ முடித்ததும் வந்தவர்கள். வரித் தகராறில் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014இல் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் அந்தப் பேரத்துக்கு வெளியே நின்றது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. பதினெட்டில் சேர்ந்த பெண்ணுக்கு அன்று இருபத்தாறு வயது. கையில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் கைபேசி பொருத்திய அனுபவமும். அந்த வட்டாரத்தில் கைபேசித் தொழிலே சுருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அனுபவத்தை யார் கேட்பார்கள்? அதே கட்டடத்தை சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் செய்தி வந்தது 2019 கடைசியில்.

இப்போதும் வயது ஒரு கத்திதான். திருமணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு ஃபாக்ஸ்கான் எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் அப்படிப் பாகுபாடு காட்டவில்லை என்றது. எது எப்படியோ, அசெம்பிளி லைனில் நாற்பது வயதுப் பெண்ணைத் தேடிப் பார்த்தால் தெரியும்.

அப்படியானால் வேலையில் சேர்ந்துவிட்ட பெண் வேலை பார்த்துக்கொண்டே படிக்கட்டுமே என்று தோன்றும். அதற்கென்றே 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. அதற்கு முன்பே இக்னோ இருக்கிறது. ஆனால் புதுமைப்பெண் விதிகளின்படி தொலைதூரக் கல்வியில் படிப்பவருக்கு அந்த ஆயிரம் ரூபாய் கிடையாது. பகலில் கல்லூரிக்கு வரமுடிந்தவளுக்கு உதவி. வரமுடியாதவள் தன் சம்பளத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். சம்பாதிக்கிறவளுக்கு எதற்கு உதவி என்பது வாதமாக இருக்கலாம். திட்டத்துக்கே வருமான வரம்பு இல்லாதபோது அந்த வாதம் நொண்டுகிறது.

பணத்தைவிடப் பெரிய தடை ஷிப்ட். வாராவாரமோ மாதாமாதமோ மாறும் ஷிப்டில் ஒரு பெண் தொடர்பு வகுப்புக்கும் பரீட்சைக்கும் லீவு கேட்டுச் சூப்பர்வைசர் முன்னால் நிற்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஒரு நாள் லீவு சம்பளத்தில் மட்டும் வெட்டு விழும் விஷயமல்ல, அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் நினைவுக்கு வரும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதிகம் பேர் கவனிக்காதது. ஒரகடத்திலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை நவீனப்படுத்தும் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தின் மையத்தை 2023 ஜூனில் முதல்வர் திறந்து வைத்தது இங்கேதான். தமிழ்நாட்டு ஐடிஐ சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, தகுதியிருந்தால் புதுமைப்பெண் ஆயிரமும் சேரும். ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில். நீண்ட படிக்கட்டு, மூச்சு வாங்கும். ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று வேலை பார்க்கலாம், ஆபரேட்டர் சம்பளத்துக்கும் டெக்னீஷியன் சம்பளத்துக்கும் உள்ள தூரம் இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பிளஸ் டூவோடு நின்றுவிட்டவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்க, நான் முதல்வன் திட்டத்தில் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களும் நடக்கின்றன.

தனியாட்கள் உதவி என்று வரும்போது, நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளையின் ‘விதை’ திட்டம் காட்டிய பாதை கவனிக்கத் தக்கது. விண்ணப்பித்தவரின் வீட்டுக்கே போய் நிலைமையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டைப் பார்த்தால்தான் அந்த மூன்றாவது கணக்கு கண்ணில் படும். ஒரு பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறேன் என்று முன்வரும் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டரிக்காரரோ கம்பெனி சிஎஸ்ஆர் அதிகாரியோ, அரசு ஏற்கெனவே கட்டுவதைத் திரும்பக் கட்டாமல், மாதம் மூவாயிரமோ நாலாயிரமோ அவள் அம்மாவின் கணக்கில் மூன்று வருடம் போட்டால் அவள் கல்லூரியில் நீடிப்பாள்.

அரசுக்கும் செலவில்லாத ஒரு வேலை பாக்கியிருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் குடியிருப்பு வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம், 706.50 கோடி ரூபாய் செலவு. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கற்றல் மையம் வைக்க இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் கிடையாது. தொடர்பு வகுப்புக்கும் பரீட்சைக்கும் ஷிப்ட் மாற்றித் தர வேண்டும் என்பதை, சலுகை விலையில் நிலமும் மானியமும் வாங்கும் கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அந்த வரிக்கு நிதிநிலை அறிக்கையில் ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டியதில்லை.